இத்தாலியில் இருவர், ஒரு கார்: சாப்பாட்டு நேரத்தை வைத்துப் பாதை போடும் முழுமையான வழிகாட்டி

நானும் என் கணவரும் இத்தாலியில் இரண்டு முறை காரில் சுற்றியிருக்கிறோம். அப்புறம் உறவிலும் நட்பிலும் நான்கு ஜோடிகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். நான்கு ஜோடிகளும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள். எல்லாரும் கிலோமீட்டரை எண்ணித் திட்டம் போட்டார்கள். இத்தாலியில் எண்ண வேண்டியது அடுப்பு எரியும் நேரத்தை. அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் சாலை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

கீழே இருப்பது பத்து இரவுப் பயணம். பொலோனியாவில் இறங்கி, மொடேனா, பார்மா பக்கம் போய், டஸ்கனியில் சியேனாவுக்குத் தெற்கே தங்கி, ஓர்வியேட்டோ வழியாக ரோம் விமான நிலையத்தில் காரை விடுவது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முன்பின் மாற்றினால் எங்காவது பணமோ ஒரு வேளைச் சாப்பாடோ போய்விடும்.

1. முதலில் சமையலறைக் கடிகாரத்தைப் படியுங்கள்

ஊர்ப்புற டிராட்டோரியாவில், அதாவது குடும்பமாக நடத்தும் சாதாரண உணவகத்தில், மதியம் 12:30 மணிக்குச் சாப்பாடு தொடங்கும். 2 மணிக்குப் பிறகு ஆர்டர் எடுப்பது கடைக்காரர் மனசைப் பொறுத்தது. 2:30 மணிக்கு நிச்சயம் முடிந்துவிடும். இரவு 7:30 மணிக்கு முன்னால் கதவு திறக்காது. நடுவில் இருக்கிற ஐந்து மணி நேரமும் காபி, பன், சாண்ட்விச் மட்டும்தான்.

நம் ஊரில் மூன்று மணிக்குப் போனாலும் எங்காவது சோறு கிடைக்கும். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நான் திட்டம் போட்டுக் கொடுத்த ஒரு ஜோடி மூன்று நாள் தொடர்ந்து மதியம் 2:45க்கு ஊர் போய்ச் சேர்ந்து, மூன்று நாளும் பெட்ரோல் பங்க் சாண்ட்விச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் போதும்.

அதனால் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு முக்கியச் சாப்பாட்டை எழுதுங்கள்: மதியமா இரவா, எந்த ஊரில். இரண்டு வேளையும் பெரிய சாப்பாடு வைத்தால் மூன்றாம் நாளே வயிறு மறுத்துவிடும். சாப்பாட்டு நேரம் எழுதியாயிற்றா, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். மலைச் சாலையின் வளைவும், காரை நிறுத்திவிட்டு ஊருக்குள் ஏறிப் போகும் நடையும் மேப் கணக்கில் வராது.

ஒவ்வொரு கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. திங்கள், செவ்வாய், புதன் என்று கடைக்குக் கடை மாறும். எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் தாத்தா பாட்டியோடு வந்து நிரம்பிவிடுவார்கள், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் நகரங்களில் நிறையக் கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம்.

2. தங்கும் ஊர் நான்குக்கு மேல் வேண்டாம்

தினம் ஓர் ஊர் மாற்றினால் பெட்டி கட்டுவதும் பார்க்கிங் தேடுவதும்தான் நினைவில் நிற்கும். நான் சொல்லும் பிரிப்பு இது: பொலோனியாவில் 3 இரவு, மொடேனாவுக்கும் பார்மாவுக்கும் நடுவே ஊர்ப்புறத்தில் 2 இரவு, சியேனாவுக்குத் தெற்கே பியென்சா பக்கம் 4 இரவு, ஓர்வியேட்டோவில் 1 இரவு.

பொலோனியாவில் இருக்கும் மூன்று நாளும் கார் வேண்டாம். அங்கே நடந்தே எல்லாம் பார்க்கலாம், காரோ தினமும் பார்க்கிங் காசு தின்னும். ஃபுளோரன்ஸையும் இங்கிருந்தே பார்த்துவிடுங்கள். அதிவேக ரயிலில் 40 நிமிடத்துக்குள் போய்விடலாம். ஃபுளோரன்ஸுக்குள் காரோடு நுழைய நினைத்த யாரும் சந்தோஷமாகத் திரும்பி வந்ததாக எனக்குத் தெரியாது. காரணத்தை ஏழாவது படியில் சொல்கிறேன். நீண்ட விமானப் பயணக் களைப்பு தீருமுன் வலப்பக்கச் சாலையில் ஸ்டியரிங் பிடிக்காமல் இருக்கலாம் என்பது இன்னொரு லாபம்.

பியென்சா பக்கம் தங்க ஓர் அக்ரிதுரிஸ்மோ பாருங்கள். விவசாயம் நடக்கிற பண்ணையிலேயே விருந்தினருக்கும் அறை கொடுக்கும் இடம் அது. இரவுச் சாப்பாடு போடுகிற பண்ணையாகத் தேர்ந்தெடுங்கள். சாப்பிட்டபின் கார் எடுக்க வேண்டாம், ஒயின் குடிக்கிறவர் நிம்மதியாகக் குடிக்கலாம். ஓட்டுபவரின் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்பது அங்கே சட்ட வரம்பு. உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவருக்கு அது பூஜ்யம். டஸ்கனி கிராமச் சாலைகளில் விளக்கும் இருக்காது, இருட்டில் காட்டுப்பன்றி குறுக்கே வரும்.

3. விசா, பிறகு ஐடிபி

அதிக இரவுகள் இத்தாலியில் என்றால் இத்தாலி வழியாகத்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவச் செலவுக்காவது ஈடு தரும் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன்பு வரை என்று விதி சொன்னாலும், கோடை சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே தாமதமாகும். இரண்டு மாத இடைவெளி வையுங்கள். தங்கும் இடங்களை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

இந்திய உரிமத்தோடு அங்கே ஓட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், சுருக்கமாக ஐடிபி, வேண்டும். உங்கள் ஆர்டிஓ அலுவலகம்தான் தரும், பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். சில அலுவலகங்களில் விசா நகலும் டிக்கெட்டும் கேட்கிறார்கள், அதனால்தான் விசாவுக்குப் பிறகு வைத்திருக்கிறேன். விசா கைக்கு வந்த மறுநாளே போய்விடுங்கள்.

இருவரும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இருவருக்கும் தனித்தனி ஐடிபி. மூல உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு ஐடிபியை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஐடிபி மூல உரிமத்தின் மொழிபெயர்ப்புதான், தனியாகச் செல்லாது.

4. கார் பதிவு: சின்னது எடுங்கள்

ஃபியட் பாண்டா அளவுள்ள கார் இருவருக்குப் போதும். கிராமத் தெருக்கள் இரு பக்கமும் கல் சுவர் வைத்துக் கட்டியவை, பெரிய காரில் போனால் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் பெட்டிகள் டிக்கிக்குள் முழுதும் மறைய வேண்டும். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, அவ்வளவுதான். பின் சீட்டில் பெட்டி தெரிந்தால் திருடனுக்கு நாமே அழைப்பு வைத்த மாதிரி.

அங்கே கியர் கார்தான் சாதாரணம். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள், கூடுதல் காசு ஆகும். கியர் கார் பழக்கம் உள்ளவர்களுக்கும் அங்கே வலது கையால் கியர் போட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வலப்பக்கச் சாலை, வலது கைக் கியர், புது ஊர் எல்லாம் ஒரே நாளில் என்றால் கஷ்டம். முடிந்தால் ஆட்டோமேட்டிக்குக்குக் காசு கொடுங்கள் என்பது என் கருத்து.

முக்கியமான ஒன்று: காரை எடுப்பவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு. டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் முன்பணப் பிடித்தத்துக்கு ஏற்பதில்லை. ஆயிரம் யூரோ, சில சமயம் அதற்கு மேலும் கார்டில் முடக்கி வைப்பார்கள், அந்த அளவு லிமிட் காலியாக இருக்கட்டும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பெயரில் பதிவு, மனைவி பெயரில் கார்டு. கவுன்டரில் ஒன்றரை மணி நேரம் போராடி, கடைசியில் பதிவையே மாற்றினார்கள். இரண்டாவது ஓட்டுநர் பெயரையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்காதவர் ஓட்டும்போது ஏதாவது நடந்தால் காப்பீடு கை கொடுக்காது.

பொலோனியா விமான நிலையத்தில் எடுத்து ரோம் ஃபியூமிசீனோ விமான நிலையத்தில் விடுங்கள். ஊர் மாற்றி விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனாலும் எடுத்த இடத்துக்கே திரும்பி ஓட்டும் ஒரு முழு நாளை அது மிச்சப்படுத்துகிறது.

5. காரை வாங்கும் அரை மணி நேரம்

சாவி கையில் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். நான்கு சக்கர விளிம்பு, முன் கண்ணாடி, கூரை, டிக்கி ஓரம், பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் வரட்டும். அவர்கள் தாளில் குறிக்காத கீறல் இருந்தால் கவுன்டருக்குத் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள். சக்கர விளிம்புக் கீறலுக்குத்தான் அதிகம் பேர் காசு கொடுக்கிறார்கள்.

டயரும் காரின் அடிப்பாகமும் காப்பீட்டில் அடங்குமா என்று கேளுங்கள். டஸ்கனிப் பண்ணைகளுக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டர் பெரும்பாலும் சரளைக் கல் பாதை. பிரதிபலிக்கும் சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் காரில் இருக்க வேண்டும் என்பது சட்டம், எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலா டீசலா என்பதை மூடியின் உள்பக்கம் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு அங்கே பென்சீனா, டீசலுக்கு கசோலியோ என்று எழுதியிருக்கும்.

முதல் பத்து நிமிடம் பார்க்கிங்கிலேயே சுற்றுங்கள். வலப்பக்கம் ஓட்டும் புதியவர் எல்லாரும் செய்யும் தவறு, காரை வலது ஓரத்துக்கு ஒட்டி ஒட்டிக் கொண்டுபோவது. வலது பக்கம் காரின் உடம்பு எவ்வளவு நீள்கிறது என்று கண்ணுக்குப் பழகவில்லை, அதனால்தான். ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை மனதில் வைத்தால் வளைவுகளில் குழப்பம் வராது.

6. சாலையில் இருவர் வேலை

ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் மேப்பையும் பலகைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் என் கணவர் ஓட்டிக்கொண்டே மேப்பையும் பார்த்தார், நான் ஜன்னல் வழியாகத் திராட்சைத் தோட்டம் பார்த்தேன். இரண்டாம் நாளே பேச்சுவார்த்தை நின்றுபோனது. மூன்றாம் நாளிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம்: அவர் ஓட்டினால் வாய்விட்டு வழி சொல்வது நான், நான் ஓட்டினால் அவர்.

பலகை நிறங்களைப் பழகுங்கள். பச்சைப் பலகை ஆட்டோஸ்ட்ராடா, அதாவது நெடுவழி. பெரும்பாலும் டோல் உண்டு. நீலம் சாதாரணச் சாலை. ஊர்ப் பெயரெல்லாம் இத்தாலியத்தில்தான் இருக்கும், ஃபுளோரன்ஸ் என்று தேடாதீர்கள், ஃபிரென்ட்ஸே என்று பாருங்கள்.

டோலில் நுழையும்போது சீட்டு எடுக்க வேண்டும், வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்பப் பணம். சீட்டைத் தொலைத்தால் அந்தப் பாதையின் கடைக்கோடியிலிருந்து வந்ததாகக் கணக்கிடுவார்கள். சீட்டுக்கு என்று ஒரே ஓர் இடம் வையுங்கள், நாங்கள் வைசருக்குள் சொருகுவோம். வெளியேறும் வாயில்களில் மஞ்சள் டெலிபாஸ் பாதைக்குள் போகாதீர்கள். அது நம் ஃபாஸ்டேக் போலக் கருவி பொருத்திய வண்டிகளுக்கு மட்டும். வெள்ளைப் பலகையில் நோட்டும் சில்லறையும் வரைந்த பாதை ரொக்கத்துக்கு, நீலப் பலகை கார்டுக்கு.

வேக வரம்பு ஆட்டோஸ்ட்ராடாவில் மணிக்கு 130 கி.மீ., மழை பெய்தால் 110. ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50. சில நகரத் தெருக்களில் 30தான். கேமராவுக்கு முன் மட்டும் பிரேக் போட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தை அளக்கும் டியூட்டர் அமைப்பு நெடுவழிகளில் இருக்கிறது. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

மொடேனா பக்கமிருந்து டஸ்கனிக்கு மாறும் ஆறாம் நாள்தான் நீண்ட ஓட்டம், சுமார் மூன்று மணி நேரம். பொலோனியாவைத் தாண்டி அப்பெனைன் மலையில் ஏ1 நெடுவழி இரண்டாகப் பிரியும்: டிரெத்திஸ்ஸிமா, பனோரமிகா. புதியவர்கள் முதலாவதை எடுங்கள். வளைவு குறைவு, சுரங்கம் அதிகம். ஃபுளோரன்ஸைச் சுற்றிக்கொண்டு ஃபிரென்ட்ஸே இம்புருநேத்தா என்ற வாயிலில் வெளியேறினால் சியேனாவுக்கு டோல் இல்லாத நாலு வழிச் சாலை.

இந்த நாளில் மதியச் சாப்பாட்டைப் பெரிய ஊரில் வைக்காதீர்கள். டிக்கியில் பெட்டி இருக்கிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து கார் கண்ணில் படுகிற ஊர்ப்புற டிராட்டோரியாவாகப் பாருங்கள்.

7. இசட்டிஎல்: அபராதம் வருவது இங்கேதான்

பழைய நகரப் பகுதிகளுக்குள் உள்ளூர்வாசிகளின் வண்டி, அனுமதி பெற்ற வண்டி தவிர வேறு எதுவும் போகக் கூடாது. இதற்கு சோனா ஆ ட்ராஃபிகோ லிமித்தாத்தோ என்று பெயர், சுருக்கமாக இசட்டிஎல். ஃபுளோரன்ஸ், சியேனா, பொலோனியா, ரோம் மட்டும் இல்லை, சின்னச் சின்ன மலை ஊர்களிலும் உண்டு. தடுப்புக் கட்டை இருக்காது, காவலர் நிற்கமாட்டார். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடும். நாம் பாட்டுக்குப் போய், காபி குடித்து, திரும்பி வந்துவிடுவோம். மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும்.

எங்கள் முதல் பயணத்தில் டஸ்கனியின் ஒரு மலை ஊரில் மேப் சொன்ன வழியில் போய், தப்பு என்று தெரிந்து, இன்னொரு தெரு வழியாக வெளியே வந்து, மறுபடி தவறி உள்ளே போனோம். இரண்டு நுழைவு, இரண்டு அபராதம். ஒவ்வொன்றும் 80 யூரோவுக்கு மேல். நம் விவரத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் நிறுவனமும் ஒவ்வொரு முறைக்கும் தனியாக வசூலித்தது.

தவிர்க்கும் வழி இது. வட்டத்துக்குள் வட்டம் போட்ட, வில்வித்தைப் பலகை மாதிரியான குறியோடு சென்ட்ரோ என்று எழுதிய பலகை, நகர மையத்துக்கு வழி காட்டும். அதைப் பின்தொடராதீர்கள். மேப்பில் ஊர்ப் பெயரையோ உணவகத்தின் பெயரையோ இலக்காகப் போடாதீர்கள். ஊர் மதிலுக்கு வெளியே உள்ள பார்க்கிங்கின் பெயரைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் முக்கால்வாசி அபராதத்தைத் தடுக்கும். சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை தெரிந்தால் நின்று படியுங்கள். மின்பலகையில் வார்கோ அத்தீவோ என்று ஒளிர்ந்தால் தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். நோன் அத்தீவோ என்றால் அந்த நேரத்தில் போகலாம். நுழைவுத் தடை நடப்பில் இருக்கிறது என்பதை, பாதை திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும்.

தங்கும் ஹோட்டல் இசட்டிஎல்லுக்குள் இருந்தால் கிளம்பும் முன்பே அவர்களுக்கு எழுதி, நம்பர் பிளேட்டைப் பதிவு செய்துகொடுப்பார்களா, எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

8. பார்க்கிங், பெட்ரோல்

வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு காசு, மஞ்சள் கோடு நமக்கு இல்லை. வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்புப் பலகை இருந்தால், வந்த நேரத்தைக் காட்டும் அட்டை வட்டை முன் கண்ணாடிக்கு உள்ளே வைக்க வேண்டும். அது பெரும்பாலும் காரிலேயே இருக்கும்.

ஓர்வியேட்டோவில் காம்போ தெல்லா ஃபியேரா என்ற பார்க்கிங்கில் விட்டால் நகரும் படிக்கட்டு மேலே ஊருக்குள் கொண்டுபோய் விடும். சியேனாவில் ரயில் நிலையப் பக்கம் விட்டாலும் அப்படியே.

பங்க்கில் நாமே போட்டுக்கொள்ளும் வரிசைக்கும் ஆள் போட்டுத்தரும் வரிசைக்கும் விலை வேறு. செர்வீத்தோ என்று இருந்தால் விலை கூட. கிராமத்துப் பங்க்குகளில் மதியமும் ஞாயிறும் ஆள் இருக்கமாட்டார், இயந்திரம் சில நேரம் நம் கார்டை ஏற்காது. பாதி டேங்குக்குக் கீழே விடாதீர்கள், 20 யூரோ நோட்டு இரண்டு கையில் இருக்கட்டும்.

9. மேசையில் உட்கார்ந்த பிறகு

மெனுவில் அன்டிபாஸ்தோ, ப்ரீமோ, செகொந்தோ, கொன்டோர்னோ, தோல்சே என்று வரிசையாக இருக்கும். தொடக்கம், பாஸ்தா அல்லது சூப், இறைச்சி அல்லது மீன், காய்கறி, இனிப்பு. எல்லாவற்றையும் ஆளுக்கு ஒன்று வாங்கி, பாதியில் எழுந்தவர்கள் நிறையப் பேர். அப்படி வாங்க வேண்டியதில்லை. இருவருக்கு ஒரு அன்டிபாஸ்தோ, ஆளுக்கு ஒரு ப்ரீமோ, நடுவில் ஒரு செகொந்தோ, ஒரு கொன்டோர்னோ போதும். செகொந்தோ தனியாக வரும், கூடவே காய் வராது. அதற்குத்தான் கொன்டோர்னோ தனியாகச் சொல்ல வேண்டும்.

பில்லில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ இருந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், மெனுவிலும் எழுதியிருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை. சாப்பிட்டு முடித்தாலும் நாம் கேட்காமல் பில் வராது. "இல் கொந்தோ, பெர் ஃபவோரே" என்று கேட்க வேண்டும். கேட்கும்வரை அந்த மேசை உங்களுடையது.

விலைப் பக்கத்தில் எத்தோ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது 100 கிராம். ஃபியோரென்டினா என்ற பெரிய எலும்போடு கூடிய மாட்டிறைச்சியும் முழு மீனும் இப்படித்தான் விற்கும். 5.50 என்று பார்த்து மலிவு என்று சொல்லி, 1.2 கிலோத் துண்டு வந்தால் பில் 66 யூரோ. ஃபியோரென்டினா உள்ளே சிவப்பாகத்தான் வரும், நன்றாக வேகவைத்துக் கேட்டால் பல கடைகளில் மறுப்பார்கள். நான் எல்லாம் சாப்பிடுவேன், என் கணவர் சைவம். எங்களைப் போன்ற ஜோடிக்கு அது ஒத்துவராது. தல்யாத்தா கேளுங்கள், ஒருவருக்கான அளவில் மாட்டிறைச்சி துண்டு போட்டு வரும்.

டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது. கெட்டுப்போனதில்லை, அங்கே அப்படித்தான். தனியாகக் கடித்தால் சப்பென்று இருக்கும், பெகொரினோ ஆட்டுப்பால் சீஸோடு கடித்தால் ஏன் உப்பு போடவில்லை என்று புரியும்.

நெடுவழி ஓரக் காபிக் கடையில் முதலில் காசாளரிடம் பணம் கட்டி, ரசீதைக் கொண்டுபோய் பார் மேடையில் வைத்துச் சொல்ல வேண்டும். நேரே மேடைக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். ஊர்க் கடைகளில் நின்று குடித்தால் காபிக்கு ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

காலைச் சாப்பாடு அங்கே ஒரு இனிப்பு பன்னும் கப்புசினோவும்தான். இட்லி, தோசை பழகிய வயிற்றுக்கு 11 மணிக்கே பசிக்கும். ஃபோர்னோ என்று எழுதிய பேக்கரியில் 10 மணி வாக்கில் ஃபொகாச்சா ரொட்டி ஒரு துண்டு வாங்கிக்கொண்டால் 12:30 வரை தாங்கும்.

10. சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால்

"சோனோ வெஜெதாரியானோ" என்பது ஆண் சொல்வது, பெண் சொன்னால் "வெஜெதாரியானா". இது மட்டும் போதாது. இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். "சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா ப்ரோதோ தி கார்னே" என்று சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம். காய்கறி சூப்பில் அந்தச் சாறு இருக்கலாம். காய்கறித் தொடக்கத் தட்டில் அச்சூகே என்ற நெத்திலி மாதிரி சின்ன மீன் வரலாம். மொடேனாப் பக்கம் பொரித்துத் தரும் ந்யோக்கோ ஃப்ரித்தோவிலும் பியாதீனா ரொட்டியிலும் ஸ்த்ரூத்தோ என்ற பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். பான்னா கோத்தாவில் ஜெலட்டின் உண்டு.

பார்மிஜானோ ரெஜ்ஜியானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரைய வைக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் செய்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் பொலோனியா, மொடேனா, பார்மா இருக்கும் எமிலியாப் பகுதியில் பாஸ்தா மேல் அது விழாத தட்டு அபூர்வம்.

நம்பிச் சொல்லக்கூடியவை: பார்மாவில் கீரையும் ரிகோட்டா என்ற மென்மையான சீஸும் அடைத்த பாஸ்தாவான தோர்தெல்லி தெர்பெத்தா, மந்தோவா பக்கத்துப் பூசணித் தோர்தெல்லி, டஸ்கனியில் தக்காளியும் ரொட்டியும் மசித்த பாப்பா அல் பொமோதோரோ, கோடையில் பன்சனெல்லா என்ற ரொட்டி, தக்காளி சாலட். என் கணவர் பத்து நாளும் பசி இல்லாமல்தான் இருந்தார்.

11. முன்பதிவு செய்து வைக்க வேண்டிய மூன்று வேளைகள்

முதலாவது சாப்பாடு இல்லை, ஒரு காலை. மொடேனா, பார்மா நடுவே பார்மிஜானோ செய்யும் பால்பண்ணைகள் விருந்தினரை அனுமதிக்கின்றன, முன்பதிவோடு. 8 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் தரை கழுவுவதைத்தான் பார்ப்பீர்கள். கூம்பு வடிவச் செப்புக் கொப்பரை ஒவ்வொன்றிலும் திரைந்த பால். வெந்த திரள் அடியில் படிந்ததும் இரண்டு பேர் மரத் துடுப்பால் அதை மேலே தூக்கி, துணியில் ஏந்தி, கத்தியால் இரண்டாக அறுத்து ஆளுக்கொரு மூட்டையாகக் கம்பில் தொங்கவிட்டார்கள். பால் திரிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சக்கர வடிவில் வரும் ஒரு முழுச் சீஸுக்குச் சுமார் 550 லிட்டர் பால், முடிவில் 40 கிலோ சீஸ், குறைந்தது 12 மாதம் இருப்பு. கடைசியில் 12, 24, 36 மாதத் துண்டுகளை வரிசையாகத் தந்தார்கள். இளைய மாதத்திலிருந்து சாப்பிடுங்கள். 36ல் தொடங்கினால் 12க்கு ருசியே தெரியாது. வாங்கினால் காற்றுப் புகாமல் வெற்றிடப் பையில் அடைத்துக் கேளுங்கள்.

அதே வட்டாரத்தில் பால்சாமிக் வினிகரும் வாங்குவீர்கள். த்ராதித்சியோனாலே என்று போட்டது மட்டும்தான் குறைந்தது 12 வருஷம் மரப் பீப்பாயில் இருந்தது, 100 மில்லி புட்டியில் வரும், விலை அதிகம். சாலட்டுக்கு ஊற்ற சாதாரண மொடேனா வினிகரே போதும். பழையதைச் சீஸ் மேல் சொட்டுவிடத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது பொலோனியாவில் தால்யாத்தெல்லே அல் ராகு, அதாவது இறைச்சிக் குழம்போடு நாடாப் பாஸ்தா. மதியம் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் வரிசை நீளம். அங்கே ஸ்பகெத்தி போலோனீஸ் என்று கேட்காதீர்கள், இறைச்சிக் குழம்பு பிடித்து நிற்க அகலமான முட்டைப் பாஸ்தாதான் அதற்குச் சேர்மானம். வெந்தபின் நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972ல் அந்த ஊர் வணிக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பண்ணையின் இரவுச் சாப்பாடு. காலைச் சாப்பாட்டின்போதே இரவு சாப்பிடுவோம் என்று சொல்லிவிட வேண்டும். அன்று ஆள் கணக்குக்குத்தான் மாவு பிசைவார்கள். சைவம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள், மாலையில் சொன்னால் ஆம்லெட்தான் மிஞ்சும். நாங்கள் தங்கிய பண்ணையில் ஐந்தரை மணிக்கு அந்த அம்மா பீச்சி பாஸ்தா உருட்டிக்கொண்டிருந்தார். மாவும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும்தான். சின்னத் துண்டை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் பலகைக்கும் நடுவே நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினார். கைமுறுக்கு சுற்றும் பாட்டிமார் விரல் மாதிரி நூல் தானாக நீண்டது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். என்னுடையது ஒரு முனை சுண்டுவிரல் கனம், மறுமுனை நூல். அதையும் சேர்த்தே வேகவைத்தார். மேலே அல்யோனே குழம்பு. எலுமிச்சை அளவுக்கு ஒரு பல் இருக்கும் பெரிய பூண்டு, காரம் இல்லாதது, எண்ணெயில் மெதுவாகக் கரையவிட்டுத் தக்காளி சேர்த்தது. இறைச்சியே இல்லை. நானும் என் கணவரும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட்ட ஒரே இரவு அதுதான்.

12. காரைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

ஓர்வியேட்டோவிலிருந்து ஃபியூமிசீனோ 150 கி.மீ.க்குள்தான். ஆனால் ரோமைச் சுற்றும் வட்டச் சாலையில் காலையும் மாலையும் நெரிசல். விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பங்க்கில் டேங்கை நிரப்பி ரசீதை வையுங்கள். கார் விடுமிடத்திலும் ஒரு வீடியோ எடுத்து, ஆள் இருந்தால் பார்த்ததாகத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினால், பிறகு வரும் கீறலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் கார் ஒப்பந்தம், டோல் ரசீது, பார்க்கிங் சீட்டு, வீடியோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் கொடுக்கிறது. எங்களுக்குப் பத்தாவது மாதம் பதிவுத் தபாலில் வந்தது. வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும், அதனால் தபால்காரர் கொடுத்த தேதியை உறையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.